யாழ்ப்பாணத்து வளவில் பாஸ்னிப்: முளைக்காத விதையும் இனிக்காத கிழங்கும்

லண்டனில் வாழும் உங்கள் மகள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த, பாஸ்னிப் என்ற மேலைநாட்டுக் கிழங்குப் பயிரின் விதையைச் சித்திரை மாதத்தில் கோண்டாவில் வளவில் போட்டதாகவும், ஒரு மாதம் நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும், நமது செம்மண் இந்தப் பயிருக்குச் சரிவராதோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொட்டலத்தில் பாதி விதை மீந்திருப்பதால் அதை வருகிற கார்த்திகையில் போடலாமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

மண்ணில் பிழையில்லை. பிழை விதையின் வயதிலும் நீங்கள் விதைத்த மாதத்தின் சூட்டிலும் இருந்திருக்கிறது. மீந்த விதையை நம்பிப் பாத்தி கட்ட வேண்டாம். புதிய விதை கிடைத்தால் கார்த்திகை நடுவில் போடலாம். பங்குனியில் இரண்டு விரல் தடிப்புள்ள, ஒரு சாண் நீளமான கிழங்குகளை எடுக்கலாம். ஆனால் மகளின் வீட்டில் மார்கழியில் சாப்பிட்ட அந்த இனிப்பு இங்கே பிடுங்கிய கையோடு அதில் இராது. அது ஏன் என்பதையும், ஓரளவுக்கு அதை எப்படி வரவழைக்கலாம் என்பதையும் சொல்வதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

பாஸ்னிப் நமக்குப் புதிய பயிராகத் தோன்றினாலும் அதன் குடும்பம் நமக்குப் புதிதல்ல. கரட், கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஓமம் ஆகிய எல்லாம் அதன் உறவுகள். வாய்க்கால் ஓரத்தில் படர்கிற வல்லாரையும் அந்தக் குடும்பத்தையே சேர்ந்தது. பார்வைக்கு அது நிறமில்லாத பெரிய கரட் போல, தலை தடித்து வால் ஒடுங்கி, வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும். ஈராண்டுப் பயிர்: முதலாம் ஆண்டில் வேரில் உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு குளிர்காலத்தைக் கடந்த பின்னர் இரண்டாம் ஆண்டில் பூத்து விதை தரும். நாம் உண்பது அந்த முதலாம் ஆண்டுச் சேமிப்பை. உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்து சேர்வதற்கு முன்னர் அங்கே குளிர்காலத்தில் வயிற்றை நிரப்பிய கிழங்குகளில் இதுவும் ஒன்று. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில் பலகாரத்துக்கு இனிப்பூட்டவும் இதைச் சேர்த்தார்கள்.

இனி விதை. பாதி உடைத்த கொத்தமல்லியைத் தட்டையாக அமுக்கி, ஓரத்தில் மெல்லிய தாள் ஒட்டியது போல அது இருக்கும். கத்தரி, தக்காளி விதைகளைச் சாம்பலில் பிரட்டிச் சீசாவில் அடைத்து மூன்று நான்கு ஆண்டுகள் வைத்திருந்து பழகிய நமக்கு இந்த விதையின் குணம் விளங்குவதில்லை. காய்கறி விதைகளில் மிகக் குறுகிய ஆயுள் உடையவற்றில் இதுவும் ஒன்று. குளிர் நாடுகளில்கூட ஓர் ஆண்டு கடந்தால் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதுப் பொட்டலமே வாங்குகிறார்கள். நமது வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சமையலறை அலுமாரியில் ஆறு மாதம் கிடந்த விதைக்கு உயிர் மிஞ்சியிருந்தால் அது அதிசயம். ஆகவே விதை வந்து சேர்ந்த அன்றே, காற்றுப் புகாத சிறு சீசாவில், நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு துணியில் முடிந்து உடன் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உறைபெட்டியில் அல்ல, கீழ்த்தட்டில்.

விதை புதிதாக இருந்தாலும் சித்திரை மாதம் அதைக் கொன்றிருக்கும். பாஸ்னிப் விதை மண்ணின் வெப்பநிலை 20 பாகை செல்சியசாக இருக்கும்போது ஏறக்குறைய 14 நாளில் முளைக்கும். 25 பாகையிலும் ஏறத்தாழ அதே காலந்தான். 30 பாகையில் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும்; அதிலும் பல விதைகள் முளைக்கமாட்டா. 35 பாகையில் முளைப்பே கிடையாது. சித்திரை வெயிலில் மூடாக்கில்லாத செம்மண்ணின் மேற்பரப்பில் நண்பகலில் வெறுங்காலுடன் நிற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மண்ணில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடக்கும் விதைக்கு நீங்கள் காலையும் மாலையும் ஊற்றிய தண்ணீர் ஒரு மணி நேரக் குளிர்ச்சியைக்கூடத் தந்திராது. அதே மண்ணில் கார்த்திகை மழையின் பின்னர், கிடுகு நிழலின் கீழே, 25 பாகையை அண்டிய வெப்பநிலையை வைத்திருக்கலாம். எங்கள் ஊரில் இந்தப் பயிருக்குத் திறக்கும் ஒரே வாசல் அந்த மாதந்தான்.

விதையை எங்கிருந்து பெறுவது என்பதில் ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பயணப்பெட்டியில் விதைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு வருவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. ஆனால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதையோ நாற்றோ நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்கூட்டிய அனுமதி வேண்டும்; விமான நிலையத்தில் அதை வெளிப்படுத்தவும் வேண்டும். ஒரு பொட்டலந்தானே என்று நினைப்பது இயல்பு. விதையோடு வரும் பூஞ்சணமும் வைரசும் பொட்டலத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கரட் போட்டிருப்பவர் அதற்கு விலை கொடுப்பார். எனவே நமது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள விவசாயத் திணைக்களத்தினரிடம் நடைமுறையை விசாரித்தோ, உள்நாட்டில் முறைப்படி இறக்குமதி செய்து விற்பவர்களிடம் கேட்டோ பெறுவதே சரி. இனத்தைத் தெரிவுசெய்ய வாய்ப்பிருந்தால், நீண்டு ஆழமாக இறங்கும் ‘ரெண்டர் அண்ட் ட்ரூ’ போன்ற பழைய இனங்களைவிடக் குட்டையாகவும் தோள் அகலமாகவும் வளர்கிற ‘வைற் ஜெம்’ அல்லது ‘அவன்ரெசிஸ்ரர்’ நமது ஆழமற்ற மண்ணுக்கு ஏற்றவை.

இப்போது அந்த இனிப்பின் கதை. ஆங்கிலப் பொட்டலத்தின் பின்புறத்தில், முதல் பனி விழுந்த பின்னர் பிடுங்கினால் கிழங்கு இனிக்கும் என்று எழுதியிருக்கும். இதை மகள் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, இங்கேயும்தானே தையிலும் மாசியிலும் பனி கொட்டுகிறது என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று சொல்லி வளர்ந்த நமக்குப் பனி என்பது விடியற்காலையில் வேலிக் கிடுகில் சொட்டுகிற நீர். அவர்கள் சொல்வது உறைபனி: மண்ணின் மேல்தோலே கட்டிபட்டு, புல் வெண்கம்பியாக நிற்கும் குளிர். அந்தக் குளிரில், வேரில் மாப்பொருளாகச் சேர்ந்திருந்தது சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுகிறது. கலத்தில் சர்க்கரை கூடினால் அதிலுள்ள நீர் எளிதில் உறையாது என்பதால், செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலையே நமக்கு இனிப்பாகக் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை இரவுகளிற்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த வெப்பத்தில் கிழங்கு தன்னைக் காக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பகலில் இலை சேர்த்ததில் ஒரு பங்கை இரவுச் சூட்டில் சுவாசித்தே செலவழித்தும் விடுகிறது.

இலங்கையில் பாஸ்னிப் வீட்டுக்கு வந்தது போல உணரக்கூடிய இடம் நுவரெலியா. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகையளவில் உள்ள அந்த ஊரில், தை மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உண்மையான உறைபனியே படியும். 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே பண்ணை அமைத்து ஐரோப்பியக் கால்நடைகளையும் காய்கறிகளையும் கொண்டுவந்து வளர்த்தது அந்தக் குளிரை நம்பித்தான். ‘மரக்கறி என்றால் நுவரெலியா’ என்று நாடு முழுவதும் சொல்லப்படுகிறபோது, கரட்டையும் பீற்றூட்டையும் மாரி காலத்தில் நமது வலிகாமச் செம்மண்ணும் நன்றாகவே விளைவிக்கிறது என்பதை நாமே சில வேளை மறந்துபோகிறோம். அது வேறு கதை. ஆனால் மண்ணில் பிழையில்லை என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுவே காரணம்.

மண்ணைத் தயார்செய்வதில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பங்கு போக வேண்டும். பனம்பாத்தி போட்டுப் பழகிய கைகளுக்கு இது எளிதில் பிடிபடும். பனங்கொட்டையை ஏன் இறுகிய நிலத்தில் போடாமல், மணலையும் மண்ணையும் குவித்து உயர்த்திய பாத்தியில் அடுக்குகிறோம்? கிழங்கு தடையில்லாமல் நேராக இறங்க வேண்டும். பிடுங்கும்போது முறியாமல் வரவும் வேண்டும். பாஸ்னிப்பும் அதையே கேட்கிறது. அதன் ஆணிவேர் முளைத்த முதற்கிழமைகளிலேயே, மேலே இரண்டு இலைகூடச் சரியாக விரியாத பருவத்தில், கீழே ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். அந்த வழியில் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டோ, மக்காத எருக்கட்டியோ, காலால் மிதிபட்டு இறுகிய படையோ எதிர்ப்பட்டால் வேரின் நுனி கெட்டு, அந்த இடத்தில் இரண்டாக மூன்றாகக் கவர்விடும். பின்னர் நீங்கள் என்ன பசளை போட்டாலும் அது கவர்க்கிழங்குதான்.

கோண்டாவில், திருநெல்வேலி, இணுவில், உரும்பிராய்ப் பக்கங்களில் செம்மண் நல்ல ஆழமாகக் கிடக்கும் காணியும் உண்டு. ஓர் அடி கொத்தினால் கல் தட்டுகிற காணியும் அடுத்த வேலிக்குள்ளேயே உண்டு. ஆகவே பாத்திக்கு இடம் தெரிவதற்கு முன்னர், மழை பெய்து மண் நனைந்த ஒரு நாளில், அலவாங்கை நாலைந்து இடங்களில் நேராகக் குத்திப் பாருங்கள். ஒன்றரை அடி தடையின்றி இறங்கினால் அந்த இடம் போதும். அதற்குள் கல் தட்டினால் நிலத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்குப் பனங்குற்றியோ பழைய சீமெந்துக் கல்லோ அணைத்து மேட்டுப்பாத்தி கட்டுங்கள். இரண்டு பங்கு அரித்த செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு என்பது எனக்குச் சரிவந்த கலவை. மணல் கடற்கரையில் அள்ளியதாக இருக்கக்கூடாது; கரட்டும் அதன் உறவுகளும் உப்புக்கு மிகவும் கூசுகிறவை. இதே காரணத்தால் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்க்கிற கரையோர ஊர்களில் இந்தப் பயிரை நான் பரிந்துரைப்பதில்லை.

பசளையில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பச்சை எரு. ஆட்டெருவும் மாட்டெருவும் நமது தோட்டங்களின் உயிர்தான். பூவரசங்குழையை வெட்டித் தாழ்ப்பதும் நல்ல வழக்கந்தான். ஆனால் அவற்றைக் கிழங்குப் பயிருக்கு முன்னால் அதே பாத்தியில் போட்டால், மக்கும் சூட்டிலும் கட்டிகளிலும் வேர் கவர்விடும். சென்ற போகத்தில் மிளகாயோ வெங்காயமோ போட்டு, அதற்காக எரு இட்ட பாத்தியை இதற்குத் தெரிவுசெய்தால் போதும். புதிதாக எதுவும் வேண்டாம். இரண்டாவது, யூரியா. நைதரசன் கூடினால் இலை முழங்கால் உயரத்துக்குத் தழைக்கும், கீழே கிழங்கு வால் போலிருக்கும். நமது கிணறுகள் பலவற்றின் நீரில் பல்லாண்டுப் பசளைப் பாவனையின் நைத்திரேற்று ஏற்கெனவே கலந்திருப்பதால், ஒவ்வொரு முறை தண்ணீர் கட்டும்போதும் நீங்கள் அறியாமலே சிறிது நைதரசனையும் கட்டுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பொட்டலத்தில் சுண்ணாம்பு இடச் சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அது இங்கிலாந்தின் அமில மண்ணுக்குச் சொன்னது. நாம் சுண்ணாம்புக் கல்லின் மேலேயே குடியிருக்கிறோம்.

விதைப்பில் நான் செய்த பிழையைச் சொன்னால் உங்களுக்கு ஓர் ஆண்டு மிச்சமாகும். மிளகாய்க்கும் புகையிலைக்கும் நாற்றுமேடை போட்டு வளர்ந்த பழக்கத்தில், முதல் தடவை நான் இதையும் நாற்றுமேடையில் முளைக்கவைத்து, நான்கு இலை வந்ததும் பக்குவமாகப் பிடுங்கி நட்டேன். ஒன்றுகூட வாடவில்லை, மெத்தப் பெருமையாக இருந்தது. மாசியில் கிளறிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் கையும் காலும் முளைத்த பொம்மையாக வெளியே வந்தது. நட்டபோது அறுந்த ஆணிவேர் அறுந்ததுதான். ஆகவே இதை நிற்கும் இடத்திலேயே விதைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டில் செய்தது இது. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஈரமான பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, மூடியுள்ள பெட்டியில் போட்டு, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில், தண்ணீர்ப் பானையின் அருகில் வைத்தேன். எட்டாம் நாள் முதல் தினமும் பிரித்துப் பார்த்து, வெள்ளை வேர்நுனி எள்ளளவு தலைகாட்டியவற்றை மட்டும் பொறுக்கி அன்று மாலையே பாத்தியில் இட்டேன். அந்த நுனி அரை அங்குலம் வளரும்வரை விட்டால் எடுக்கும்போது முறியும்; முறிந்தால் முன்னைய கதைதான். இட்ட முறையும் சிறிது வேறு: அலவாங்கை ஓர் அடிக்கு மேல் இறக்கிச் சுழற்றிக் கூம்பு போலக் குழி செய்து, அதை அரித்த கலவை மண்ணால் தளர்வாக நிரப்பி, தலையில் இரண்டு மூன்று விதைகளை வைத்து ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் கூட்டெருவால் மூடினேன். இங்கிலாந்தில் போட்டிக்குக் கிழங்கு வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் உத்தி இது. அவர்களது குழி இன்னும் பலமடங்கு ஆழமாக இருக்கும். நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது குழி போதும். ஒரு மாலை வேலை.

குழிக்குக் குழி 10 முதல் 12 சென்ரிமீற்றர், நிரைக்கு நிரை 30 சென்ரிமீற்றர் விடுங்கள். நிரையின் இடையிடையே சில முள்ளங்கி விதைகளைத் தூவிவிடுவது நல்லது. அவை நாலைந்து நாளில் முளைத்து, பாஸ்னிப் எங்கே வரப்போகிறது என்பதற்கு அடையாளமாக நிற்கும். மழைக்குப் பின்னர் இறுகுகிற செம்மண் ஓட்டையும் உடைத்துவிடும். பாஸ்னிப்புக்கு இடம் தேவைப்படுகிற காலத்துக்கு முன்னரே கறிக்கும் வந்துவிடும்.

காலம் கார்த்திகையின் நடுப்பகுதி. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிற நாட்டில், ஐப்பசியில் போட்டால் விதை வாய்க்காலோடு போகும். தையில் போட்டால் கிழங்கு பருக்க வேண்டிய நேரத்தில் சித்திரை வெயில் வந்துவிடும். கார்த்திகையிலும் புயல் மழை வரத்தான் செய்யும் என்பதால், முளைத்து வரும்வரை பாத்திக்கு மேல் முழங்கால் உயரத்தில் கிடுகு ஒன்றைச் சாய்வாகக் கட்டிவையுங்கள். அது மழைத்துளியின் அடியையும் வெயிலின் சூட்டையும் ஒருங்கே தடுக்கும். முளைகள் இரண்டு இலை விட்டதும் கிடுகைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொடிபோல வெளிறி நீளும். குழிக்கு ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, முளைக்கும்வரை பூவாளியால் மெதுவாகத் தெளிப்பதே முறை. மழை ஓய்ந்த தை முதல் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக நனையும்படி விடுங்கள். பத்து நாள் காயவிட்டுப் பின்னர் வாய்க்காலைத் திறந்துவிட்டால் கிழங்கு நீளப்போக்கில் வெடிக்கும். வைக்கோலோ காய்ந்த சருகோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் தண்ணீரும் மிஞ்சும், மண்ணும் குளிரும், களையும் குறையும்.

பூச்சி நோயில் நீங்கள் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுவுக்கு. கத்தரி, தக்காளி, வெண்டியைத் திரும்பத் திரும்பப் போட்ட பாத்தியில் வேர்முடிச்சை உண்டாக்கும் இந்தப் புழு பெருகியிருக்கும். பாஸ்னிப்பின் பக்கவேர்களில் மணிமணியாக முடிச்சும், கிழங்கில் சொறியும் கவரும் வரும். வெங்காயம் எடுத்த பாத்தியைத் தெரிவதும், ஆவணியில் மண்ணைக் கொத்திப் புரட்டி நன்றாகக் காயவிடுவதும், விதைக்க இரண்டு மூன்று கிழமைக்கு முன்னர் வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கிக் கலப்பதும் பயன்தரும். அழுக்கணவன் இலையடியில் கூடினால் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே போகும். மழைநாளில் நத்தை ஓரிரவில் முழு நிரையையும் மேய்ந்துவிடும். இரவில் விளக்கோடு சென்று பொறுக்குவதைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை.

பொட்டலங்களில் பெரும்பாலும் எழுதப்படாத ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்னிப்பின் இலையிலும் தண்டிலும் உள்ள சாற்றில் பியூரனோகூமரின் என்னும் இரசாயனம் உண்டு. அந்தச் சாறு தோலில் பட்டு, பட்ட இடத்தில் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் தீச்சுட்டது போலக் கொப்புளம் எழும். ஆறிய பின்னரும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மேகமூட்டமான நாட்டிலேயே இது நடக்கிறது என்றால், நமது வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே களையெடுப்பதையும் கிழங்கு கிளறுவதையும் மாலையில், நீண்ட கைச்சட்டையும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். சாறு பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி அந்த இடத்தை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இலையில் விளையாட விடாதீர்கள். வெட்டிய இலையை ஆட்டுக்குப் போடுவது நமது கைப்பழக்கம். இந்த இலையை மட்டும் போட வேண்டாம், கால்நடைகளின் தோலையும் அது வெயிலில் புண்ணாக்கும். கிழங்கைத் தோல் சீவிச் சமைத்து உண்பதில் இந்தப் பயம் இல்லை.

விதைத்து 110 முதல் 120 நாளில், பங்குனியின் முற்பகுதியில், தோள் இரண்டு விரல் தடிப்பானதும் எடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஆறேழு மாதம் நிலத்தில் விட்டு எடுப்பது போல இங்கே காத்திருந்தால், கிழங்கின் நடு நரம்பு பழைய பனங்கிழங்கின் தும்பு போல முற்றிவிடும். சித்திரையில் அழுகலும் தொடங்கும். எடுக்கும் முன்னர் பாத்தியை நனைத்து, பக்கத்தில் மண் கிளறும் முள்ளுக் கரண்டியை இறக்கித் தளர்த்தி உயர்த்துங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் கழுத்தோடு முறியும்.

உறைபனி செய்யவேண்டிய வேலையை இனிக் குளிர்சாதனப் பெட்டியிடம் ஒப்படைக்கலாம். இலையை வெட்டி, மண்ணைத் துடைத்து, கழுவாமல், சிறு துளையிட்ட பொலித்தீன் பையில் சிறிது ஈரமான தும்புச்சோற்றோடு இட்டு, பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் இரண்டு மூன்று கிழமை விடுங்கள். மாப்பொருள் சர்க்கரையாவது பிடுங்கிய கிழங்கிலும் நடக்கும். அதற்கு வேண்டியது உறைநிலையை அண்டிய குளிர் மட்டுமே. நான் ஒரே பாத்தியில் எடுத்த கிழங்கை அன்றைக்குச் சமைத்ததற்கும், மூன்று கிழமை வைத்துச் சமைத்ததற்கும் இடையில் வீட்டில் இருந்த அனைவருக்கும் வித்தியாசம் தெரிந்தது. லண்டன் கிழங்கின் முழு இனிப்பு வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டு வைத்த வெள்ளைக்கறிக்கு அந்த அளவு இனிப்பே எனக்குப் போதுமாக இருந்தது. சிலருக்கு அதிலுள்ள சீரக வாசமும் இனிப்பும் கறிக்குப் பொருந்தவில்லை, அவர்கள் எண்ணெயில் வாட்டி உப்புத் தூவி உண்டார்கள். மாப்பொருளும் சர்க்கரையும் கரட்டைவிடக் கூடுதலாக உள்ள கிழங்கு என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் இதை மரக்கறியாகக் கொள்ளாமல் உருளைக்கிழங்கின் இடத்தில் வைத்து அளவோடு உண்ண வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இங்கே எடுக்க முடியாது. பூப்பதற்குச் செடிக்குக் கிழமைக்கணக்கில் குளிர் வேண்டும். அது இல்லாமல் இலையையே விட்டுக்கொண்டு நின்று, கோடையில் அழுகிப்போகும். ஒவ்வோர் ஆண்டும் விதை வாங்கத்தான் வேண்டும்.

இத்தனை பாடும் ஒரு கிழங்குக்கா என்று தோன்றினால் அதுவும் நியாயமே. ஆகவே எனது யோசனை இது: பாத்தியில் பாதியை மட்டும் பாஸ்னிப்புக்கு விட்டு, மற்றப் பாதியில் அதே நாளில் ‘நியூ குறோடா’ கரட் போடுங்கள். வெப்பத்தைத் தாங்கும் இனம், விதை யாழ்ப்பாணக் கடைகளிலேயே கிடைக்கும், ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும், தொண்ணூறு நாளில் கைக்கு வரும். மண்ணும் தண்ணீரும் பராமரிப்பும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கரட் நேராக இறங்கியிருந்தால் உங்கள் பாத்தி சரி. அந்த நிலையில் பாஸ்னிப் முளைக்காமற்போனால் குற்றம் மண்ணினுடையது அல்ல, விதையினுடையது அல்லது சூட்டினுடையது என்று தெரிந்துகொள்ளலாம்.

மீந்திருக்கும் பழைய பொட்டலத்தை வீசிவிட மனம் வராவிட்டால், அதில் இருபது விதைகளை எண்ணி எடுத்து மேலே சொன்னபடி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். 25 நாளில் குறைந்தது ஐந்து விதைகள் முளைகாட்டினால் மிகுதியைக் குழிக்கு ஆறேழு வீதம் நெருக்கிப் போட்டுப் பார்க்கலாம். அதற்குக் குறைந்தால் எருக்குழிக்குள் கொட்டிவிட்டு, முன்னர் சொன்ன இறக்குமதி அனுமதியைப் பெற்று, மகளிடம் புதுப் பொட்டலம் அனுப்பச் சொல்லுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் விதைப்பு ஆண்டையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.